சலத்தோடு இரத்தம் போனவரை அனுப்பும்போது

திருகோணமலை

அன்புள்ள நண்பா,

ஓய்வுபெற்ற கையோடு மட்டக்களப்பில் டிஸ்பென்சரி தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். நெடுங்காலம் சுகாதார வைத்திய அதிகாரியாக டெங்கு நுளம்பையும் தடுப்பூசியையும் கட்டி மேய்த்த உனக்கு, இப்போது வரிசையில் வந்து அமரும் முதியவர்களின் சலம் சம்பந்தமான முறைப்பாடுகள் புதிதாகத்தான் இருக்கும். யாரைச் சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவது, கடிதத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

வலியில்லாமல் சலத்தோடு இரத்தம் போனவரையே நான் எல்லாருக்கும் முன்னால் வைப்பேன். 45 வயதைத் தாண்டிய ஒருவர், போன கிழமை ஒரு நாள் சிவப்பாகப் போனது, மறுநாளே தெளிந்துவிட்டது என்று சொல்லும்போது, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியைத்தான் நம்பக்கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் விட்டுவிட்டே இரத்தத்தைக் காட்டும், இடையில் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமலும் இருக்கும். நாம் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையால்தான் நின்றது என்று நினைப்பது இலகு. ஆனால் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இல்லையென்றாலும், கிருமி இருந்து மருந்து முடிந்த பின்பும் இரத்தம் வந்தாலும், உடனே எழுதிவிட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வாபரின், அஸ்பிரின் எடுப்பவர் என்பதற்காக அந்த மருந்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதே. ஸ்கானில் ஒன்றுமில்லை என்ற அறிக்கையும் போதாது. சிறிய கட்டிகள் அதற்கு அகப்படாமல் தப்பிவிடும், உள்ளே கமரா விட்டுப் பார்ப்பவர் நிபுணர்தான். புகைப்பவரா என்று கேட்டுக் கடிதத்தில் எழுது, ஏனெனில் இந்த நோய்க்கு முதன்மைக் காரணம் அதுவே. இங்கே கடற்தொழில் செய்பவர்களிடம் கேட்டால் விட்டுவிட்டேன் என்பார்கள். எப்போது விட்டார்கள் என்றும் கேள்.

புரொஸ்டேட் சுரப்பி வீக்கத்தால் இரவில் பலமுறை எழும்புகிறவர்களில் பெரும்பாலானோரை, சலம் இலகுவாகப் போகச்செய்யும் தம்சுலோசின் குளிசையோடு நாமே பார்த்துக்கொள்ளலாம். புரொஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகித்துச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை எடுப்பதில் மட்டும் அவசரப்படாதே. சலத்தில் கிருமித்தொற்று இருந்தால் அது மாறி ஆறு கிழமையாவது போகட்டும், புரொஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைட் குளிசையை ஆறு மாதத்துக்கு மேல் எடுப்பவரென்றால் வரும் எண்ணை இரட்டிப்பாக்கியே மதிப்பிட வேண்டும் என்பதால் அதையும் கடிதத்தில் குறிப்பிடு. வலியே இல்லாமல் இரவில் படுக்கையை நனைக்கும் முதியவர் வந்தால் அடிவயிற்றைத் தொட்டுப் பார். நாட்பட்ட அடைப்பில் சிறுநீர்ப்பை தொப்புள்வரைகூட எழும்பி நிற்கும், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தத்தில் சத்தமில்லாமல் ஏறியிருக்கும்; அவரைச் சாதாரணத் திகதிக்கு விடக்கூடாது.

எங்கள் மாவட்டத்துப் பதவி சிறிபுர ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதால் கிரியேற்றினின் கூடியவர்கள் பலர் வருவார்கள். ஸ்கானில் கல்லோ அடைப்போ இல்லாவிட்டால் அவர்கள் போகவேண்டியது சிறுநீரக வைத்தியரிடமே அன்றிச் சத்திரசிகிச்சை நிபுணரிடமல்ல. தவறான கிளினிக்கில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து திரும்புவது, கூலியை விட்டு பஸ் ஏறி வருகிற கமக்காரருக்குச் சின்ன விஷயமில்லை.

கிண்ணியா, மூதூரிலிருந்து, ஆணுறுப்பின் முன்தோலை நீக்கும் கத்னாவுக்கு முன் காட்டுவதற்கென்று குழந்தைகளைக் கொண்டுவருவார்கள். சலத்துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறத்தில் இருந்தால் கத்னாவை நிறுத்திவைக்கச் சொல்லி அனுப்பிவிடு. அதைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சைக்கு அந்தத் தோல் தேவைப்படலாம். பெற்றோருக்கு இதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினால் மறுப்பவர் குறைவு.

சிறுநீரகக் கல்லு வருத்தத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தாலும், இளைஞனுக்குத் திடீரென்று விதையில் கடும் வலி வந்தாலும் கிளினிக் திகதியைப் பற்றியே பேசாதே. 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸில் ஏற்று. விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு அதைக் காப்பாற்றும் வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடும்.

கடிதத்தைப் பொறுத்தவரை, 'தயவுசெய்து பார்த்து ஆவன செய்யவும்' என்ற ஒற்றை வரியை எனக்குப் பிடிக்காது. கிளினிக்கில் திகதி கொடுப்பவர் உன் நோயாளியைக் கண்டதில்லை. அவர் கையில் இருப்பது உன் தாள் மட்டுமே. ஆகவே எதைச் சந்தேகிக்கிறாய், எவ்வளவு அவசரம் என்று முதல் வரியிலேயே எழுது. எத்தனை நாளாக, என்னென்ன மருந்து, விரலால் சோதித்தபோது புரொஸ்டேட் எப்படி இருந்தது என்பவை அதற்குப் பிறகு வரலாம். சலப் பரிசோதனை, கிரியேற்றினின், ஸ்கான் அறிக்கைகளின் பிரதியை இணைத்துவிட்டால் அவற்றுக்காகவே இன்னொரு முறை அலைவது மிச்சம். பதில் எழுதித் தரும்படியும் கேள். பதில் எப்போதும் வராது; நோயாளியின் கிளினிக் புத்தகத்தைப் பார்த்தாவது என்ன செய்தார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

வெப்பமும் வறட்சியும் கொண்டுவரும் கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து இங்கே கல்லு வருத்தக்காரர் கூடியிருக்கிறார்கள். உன் பக்கமும் அப்படித்தானா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்