கையெழுத்து வேண்டாம், காப்பிக்கொட்டை போதும்

ஏற்காடு,
மே கடைசி ஞாயிறு

அன்புள்ள தோழிக்கு,

நீ கொடுத்தனுப்பிய குண்டு மாம்பழம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பத்திரமாக என்றால், 20 கொண்டை ஊசி வளைவிலும் உருண்டு புரண்டு, பாதி நசுங்கி! இங்கே மழை பரவாயில்லை. காப்பிச் செடியில் பூ முடிந்து பிஞ்சு பிடித்திருக்கிறது.

அடுத்த வாரம் பள்ளி திறப்பு. நேற்று போய்ப் பூட்டைத் திறந்தேன். ஒரு சுவரில் பாசி, பீரோவுக்குள் கரையான். சார்ட் அட்டை வாங்க உங்கள் சேலம் சின்னக் கடைவீதிக்கு ஒரு நடை இறங்கி வர வேண்டும். அதெல்லாம் ஆகிவிடும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

போன வருஷம் வீட்டுப்பாட நோட்டில் தினமும் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டில் அம்மா கையெழுத்து தவறாமல் இருக்கும். ஒருநாள் உற்றுப் பார்த்தால், அவள் வழக்கமாக விடும் அதே எழுத்துப் பிழை அம்மாவின் பெயரிலும்! எழுப்பி நிற்கவைத்துத் திட்டினேன். அவள் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் எஸ்டேட் வேலைக்குப் போகிற வழியில் அவள் அம்மா வந்தார். "நான்தான் போடச் சொன்னேன் டீச்சர். எனக்கு எழுத வராதுன்னு உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார். இருபது வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இது தோன்றவில்லை, பார்.

அதனால் இந்த வருஷம் கையெழுத்தே கிடையாது. பிள்ளை தினமும் ஒரு பக்கம் சத்தமாகப் படிக்க வேண்டும். அம்மாவோ தாத்தாவோ, வீட்டில் இருப்பவர் கேட்டுவிட்டு டப்பாவில் ஒரு காப்பிக்கொட்டை போட வேண்டும். மாதக் கடைசியில் வகுப்பில் கொட்டி எண்ணுவோம். படிக்காமலே கொட்டை போடும் பயல்களும் இருப்பார்கள். இருக்கட்டும், எண்ணவாவது கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று, பெற்றோர் கூட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பதிவேட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் அன்றைய கூலி போய்விடும், யார் வருவார்கள்? போன வாரம் ராத்திரி ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில் திண்ணைக்கு நானே போய் உட்கார்ந்தேன். ஆண்கள் தள்ளி நின்று பீடி பிடித்தார்கள், பெண்கள் பேசினார்கள்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை, காப்பிப் பழம் பறிக்கிற நாளில், என் வகுப்பு பாதி காலியாகிவிடும். பழம் பறிக்கக் கூட்டிப் போகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவாம்! அங்கன்வாடி திறக்கும் முன்பே அம்மாக்கள் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு 2023 ஆகஸ்டில் காலை உணவு வந்தபிறகு வயிற்றுக் கவலை இல்லை. குட்டிகளை அந்த ஒரு மணி நேரம் யார் பிடிப்பது? கடைசியில் ஒரு பாட்டி பொறுப்பேற்றிருக்கிறார். வெற்றிலைக்குக் காசு கேட்டார், நான் தருகிறேன் என்றேன். நவம்பரில் எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கலாம்.

உன் பிள்ளைகளின் வீடுகளில் கொலுசுப் பட்டறை ஓடுகிறதே, அந்தப் பெற்றோரை நீ எத்தனை மணிக்குக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறாய்? அவசியம் எழுது.

எல்லா வீட்டுக்கும் போய் வந்துவிட்டேன், அந்தப் பெண்ணின் வீட்டைத் தவிர. திட்டியதற்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்குப் போகிறேன். உன் மாம்பழத்தில் நசுங்காததாக நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி