வில் யார் கையில் இருக்கிறது?

அன்பு மகளுக்கு,

நாயகனையும் வில்லனையும் பிரித்துப் பார்க்க மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். கரும்பலகையின் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் நல்ல குணம், அந்தப் பக்கம் கெட்ட குணம் என்று மட்டும் ஆரம்பிக்காதே. இராவணனிடம் வந்ததும் அந்த அட்டவணை காலை வாரிவிடும். கல்வி, தவம், இசை, வீரம், தோள்வலி என்று நல்ல பக்கம் நிரம்பி வழியும். எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சும். பிறகு பையன்கள் 'அப்புறம் அவன் ஏன் டீச்சர் வில்லன்?' என்பார்கள். நியாயமான கேள்விதான்.

அந்தச் சொல்லையே முதலில் சொல்லிவிடு. 'வில்லன்' என்பதன் வேர் பண்ணையில் வேலை செய்பவனைக் குறித்த பழைய இலத்தீன் சொல். மேலே இருந்தவர்கள் அதைக் காலப்போக்கில் வசையாக்கினார்கள். நம் காதில் அது வில் வைத்திருப்பவன் என்று விழுகிறது. காப்பியத்திலோ பேர்போன வில் நாயகன் கையில்! வகுப்பு சிரிக்கும், தூக்கமும் கலையும்.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் 'தன்னிகர் இல்லாத் தலைவன்' வேண்டும் என்கிறது. கவனித்தாயா, நிகரில்லாதவன் என்றுதான் சொல்கிறது. குற்றமில்லாதவன் என்று சொல்லவில்லை. எனவே குற்றத்தை எண்ணாதே. குற்றம் சுட்டிக்காட்டப்பட்ட பிறகு அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை இதற்கு மிகச் சரியான இடம். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியன் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்லி அங்கேயே உயிர் விடுகிறான். கோவலனைக் கொல்லச் சொன்னவன் அவன்தான், ஆனாலும் அவனை யாரும் வில்லன் என்பதில்லை. அரசியின் சிலம்பைத் திருடிவிட்டுக் கோவலனைக் கைகாட்டிய பொற்கொல்லன் இருக்கிறானே, அவன்தான் வில்லன். மாணவர்கள் இந்த இருவரையும் குழப்பிக்கொள்வார்கள்; தண்டித்தவன் கையைப் பார்ப்பார்களே தவிர, பொய்யின் ஊற்றைத் தேடமாட்டார்கள்.

அடுத்து கம்பனின் யுத்த காண்டத்துக்குப் போ. இராவணனை எச்சரித்தவர்களை எண்ணச் சொல்: முன்பே மாரீசன், பிறகு வீடணன், கும்பகருணன், மாலியவான், கடைசியில் பெற்ற மகன் இந்திரசித்தே சீதை மேலுள்ள ஆசையை விடச் சொல்கிறான். ஐந்து பேர், ஐந்தும் வீண். ஆனால் உண்மையான சாவி முதல் நாள் போருக்குப் பின்னால் இருக்கிறது. இராவணன் வீரத்தையும் களத்திலே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். வானும் மண்ணும் சிரிக்குமே என்று அவன் நாணவில்லை. சானகி சிரிப்பாளே என்றுதான் கூசிப்போகிறான். அவனிடம் வெட்கம் இருக்கிறது, தோற்றதற்காக. செய்ததற்காக அல்ல. பாண்டியனின் வெட்கத்தையும் இவன் வெட்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது.

'அப்படியானால் வாலியை மறைந்து கொன்றவன்?' என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். மழுப்பாதே. வாலி சாகும் தறுவாயில் அடுக்கடுக்காய்க் கேட்கிறான், இராமன் பதில் சொல்கிறான். ஆனால் மறைந்து நின்றது ஏன் என்ற கேள்விக்கு இலக்குவன்தான் பதில் சொல்கிறான்: நேரில் வந்திருந்தால் நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய் என்று. அந்தப் பதில் போதுமா போதாதா என்று வகுப்பு சண்டை போடட்டும். கம்பன் கறையைத் துடைக்காமல் விட்டிருக்கிறான் என்பது என் எண்ணம்.

இன்னொரு தவறும் வரும்: கதையின் மையத்தில் இருப்பவனே நாயகன், எதிரே நிற்பவனே வில்லன் என்று நினைப்பது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தின் நடுநாயகம் கொலைகாரன்தான். இவ்வளவு தூரம் இரத்தத்தில் நடந்துவிட்டேன், திரும்புவதும் கடப்பதும் ஒரே சிரமம்தான் என்று மூன்றாம் அங்கத்தில் அவனே கணக்குப் போடுகிறான். தப்பு தெரிகிறது, இருந்தும் கால் முன்னேதான் போகிறது. 1862-இல் வெளிவந்த விக்தர் யூகோவின் 'லே மிசெராப்ல்' நாவலில் வரும் காவல் அதிகாரி ழவேர் இதற்கு நேர்மாறு. துரத்துபவன்தான், ஆனால் சட்டத்தை நம்பியவன். துரத்தப்பட்டவனே தன் உயிரைக் காப்பாற்றியபோது அந்த நம்பிக்கை உடைய, ஆற்றில் குதிக்கிறான். எதிராளி என்று சொல், வில்லன் என்று சொல்லாதே.

இந்த அளவுகோல் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்து இயாகோவிடம் அவ்வளவாகச் செல்லாது. அவனை முன்கூட்டி எச்சரிக்க யாருக்கும் வாய்ப்பில்லை, எல்லாரும் அவனை நேர்மையானவன் என்றே நம்புகிறார்கள். பிடிபட்ட பிறகு ஏன் செய்தாய் என்று கேட்டால், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

பாண்டியனுக்கும் இராவணனுக்கும் இரண்டு வகுப்புகள் ஒதுக்கு, மக்பெத்துக்கு ஒன்று போதும். கர்ணனைக் கடைசி நாளுக்கு வை. செய்ந்நன்றிக்காக அழுகிறவர்களிடம் சபையில் பாஞ்சாலியைப் பற்றி அவன் பேசியதை நினைவூட்டு. அதன் பிறகு மணி அடிக்கும்வரை நீ வாயே திறக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
அப்பா