உருக்கு மீதான வரி: சதவீதம் எப்படி வந்தது என்று கேட்கும் நீதிமன்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறக்குமதியாகும் உருக்குப் பொருள்கள் மீது அமெரிக்கா விதிக்கும் பொருள் குவிப்புத் தடுப்பு வரியை அந்நாட்டு நீதிமன்றம் ‘ரத்து செய்தது’ என்றோ ‘உறுதி செய்தது’ என்றோ நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. பல வழக்குகளில் இந்த இரண்டுமே நடந்திருக்காது. இந்தச் சதவீதம் எப்படி வந்தது என்று விளக்கும்படி வணிகத் துறைக்கு உத்தரவிட்டு, நீதிமன்றம் கணக்கைத் திருப்பி அனுப்பியிருக்கும். உருக்குத் தகடு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் செலவுக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து, அத்துறையின் வினாப்பட்டியல்களுக்குப் பதில் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். விஷயமே அந்தத் திருப்பி அனுப்புதலில்தான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏற்றுமதியாளர் தம் நாட்டில் விற்கும் விலையை, அல்லது உற்பத்திச் செலவோடு நியாயமான லாபத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பை, வணிகத் துறை ‘இயல்பு மதிப்பு’ என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் அவர் விற்ற விலை அதைவிடக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசமே குவிப்பு விகிதம். இதனால் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு உண்டா என்பதைத் தனி ஆணையம் ஒன்று பார்க்கிறது. அதற்குள் இப்போது போக வேண்டாம். விகிதத்தை எதிர்ப்பவர்கள் நியூயார்க்கில் 1980-இல் அமைக்கப்பட்ட பன்னாட்டு வணிக நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். இந்த நீதிமன்றங்கள் தாமே கணக்குப் போடுவதில்லை. துறையின் முடிவுக்கு ஆவணத்தில் போதிய சான்று இருக்கிறதா, அது சட்டப்படி அமைந்ததா என்ற இரண்டை மட்டுமே பார்க்கின்றன.

கேட்பதற்கு இது எளிதாகத் தெரியும். ஆனால் கணக்கின் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஒரு தேர்வைச் செய்திருக்கிறார். எடையை எடுத்துக்கொள்வோம். உருக்குத் தகட்டை இரண்டு விதமாக விற்கலாம். தராசில் நிறுத்த உண்மை எடைக்கு விற்பது ஒன்று; நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றை அடர்த்தியோடு பெருக்கி வரும் கணக்கு எடைக்கு விற்பது மற்றொன்று. 10 மில்லிமீட்டர் தகட்டின் கணக்கு எடை சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. அதே தகடு உருட்டாலையில் 9.8 மில்லிமீட்டராக வந்துவிட்டால், உண்மை எடை 77 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. விரல் நுனியால் தடவிப் பார்த்தால் தெரியாத இந்த வேறுபாடு 2 சதவீதம். முதல் விசாரணையில் குவிப்பு விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே உள்நாட்டு விற்பனையைக் கணக்கு எடையிலும் ஏற்றுமதியை உண்மை எடையிலும் காட்டினால், ஒருவர் பொருளைக் குவிக்கிறாரா இல்லையா என்பதையே தராசு தீர்மானித்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை அட்டவணையின் ஒரு பத்தியில் இந்த இரண்டு எடைகளும் கலந்துவிட்டன. பதில் அனுப்புவதற்கு முதல் நாள் இரவுதான் கண்டுபிடித்தோம். புலமையால் கண்டுபிடித்தோம் என்று சொல்ல மாட்டேன். கூட்டுத்தொகை பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் நிறுவனத்துக்கு இதே எடைக் கணக்கில் நேர்ந்ததை அதனால்தான் என்னால் மறக்க முடிவதில்லை. ஒரு வகை எடையை மற்றதாக மாற்றும் விகிதத்தைத் துறை கேட்டபோது, அதைத் தர இயலாது என்று அந்நிறுவனம் பதில் சொன்னது. ஆலைப் பதிவுகளிலிருந்து தர முடியும் என்பது பின்னர்தான் தெரிந்தது. தாமதமாக வந்த தகவலைத் துறை ஒதுக்கிவிட்டு, நிறுவனத்துக்குப் பாதகமான அனுமானத்தோடு கணக்கிட்டது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு, காலக்கெடுவைக் காட்டி அந்தத் தகவலை ஒதுக்கியது தவறு என்று 2001-இல் கூறியது. ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2003-இல் துறையின் பக்கம் நின்றது. இயன்றவரை ஒத்துழைப்பது என்றால் தன்னால் முடிந்த முழு முயற்சியையும் செய்வது என்று பொருள் கொண்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையாகவே படுகிறது. ஆனாலும் இத்தகைய நீதிமன்றங்கள் வெளிநாட்டு ஏற்றுமதியாளர்களுக்கே சாதகமாக நடக்கின்றன என்று அடிக்கடி சொல்லப்படும் குறையை, நிப்பான் வழக்கை ஒருமுறை படித்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

நம் நாட்டு இந்திய உருக்கு ஆணையமும் இந்த வழியாகப் போய் வந்ததுதான். வெட்டிய உருக்குத் தகடு தொடர்பான விசாரணையில் அந்நிறுவனம் கொடுத்த தரவுகளில் கோளாறுகள் இருந்தன. துறை அனைத்தையும் தள்ளிவிட்டு, அமெரிக்க உற்பத்தியாளர்கள் தங்கள் புகார் மனுவில் சொன்ன மிக உயர்ந்த விகிதமான 72.49 சதவீதத்தையே 1999-இல் இறுதியாக அறிவித்தது. அமெரிக்காவில் விற்ற விலை பற்றிய தரவையாவது ஏற்றிருக்கலாமே என்ற வாதத்தை உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு 2002-இல் ஏற்றுக்கொண்டது. அந்த 72.49-இல் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். யாரோ உட்கார்ந்து நுணுக்கமாக அளந்தது போன்ற தோற்றத்தை அவை தருகின்றன. உண்மையில் அது புகார் கொடுத்தவரின் எண்.

தரவு முழுமையாக இருந்தாலும் சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதே சிக்கல் வருகிறது. இயல்பு மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சரக்கு 90-க்கும் அதே அளவுள்ள இன்னொன்று 110-க்கும் விற்றால், சராசரியில் குவிப்பே இல்லை. ஆனால் 110-க்கு விற்றதன் உபரியைக் கணக்கில் சேர்க்காமல் பூஜ்யம் என்று எழுதிவிட்டால், மொத்த விற்பனையான 200-இல் 10 என்று 5 சதவீதக் குவிப்பு தோன்றிவிடுகிறது. ‘பூஜ்யமாக்கல்’ என்று பெயர் பெற்ற இந்த முறை தவறானது என்பதைப் படுக்கை விரிப்புகள் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராக இந்தியாதான் 2001-இல் நிலைநாட்டியது. நெதர்லாந்து உருக்கு பற்றிய கோரஸ் ஸ்டால் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், உலக வர்த்தக அமைப்பின் முடிவுகள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று 2005-இல் கூறி, துறையின் விளக்கத்தை ஏற்றது. ஆனால் முதல் விசாரணையில் பூஜ்யமாக்கலைக் கைவிட்டுவிட்டு, வரி விதித்த பின் ஆண்டுதோறும் நடக்கும் மறுஆய்வில் மட்டும் அதைத் தொடர்வதற்கு என்ன காரணம் என்று 2011-இல் கொரியாவின் டோங்பு ஸ்டீல் வழக்கில் அதே நீதிமன்றம் கேட்டது. மறு ஆண்டு துறை தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. உலக வர்த்தக அமைப்பின் நெருக்கடியும் அதற்குக் காரணம் என்றாலும், அதே சட்டச் சொற்களுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பொருள் ஏன் என்ற அந்தக் கேள்வியின் எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது.

வாசலில் அனுப்பிய பூஜ்யமாக்கல் கொல்லைப்புறமாக உள்ளே வந்ததுதான் அடுத்த கதை. வாங்குபவர், வட்டாரம், காலம் ஆகியவற்றைப் பொறுத்து விலைகள் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால், விற்பனைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிடச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஒப்பீட்டில் பூஜ்யமாக்கல் உண்டு. வேறுபாடு குறிப்பிடத்தக்கதா என்று பார்க்கத் துறை கையில் எடுத்தது ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளரின் அளவுகோல். இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை, எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கத்தால் வகுத்து, விடை 0.8 ஆகவோ அதற்கு மேலாகவோ வந்தால் வேறுபாடு ‘பெரியது’ என்று கொள்வது அதன் முறை. 0.8-க்குக் கோஹன் காட்டிய உதாரணம் 13 வயதுச் சிறுமியருக்கும் 18 வயதுப் பெண்களுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம். உயரங்களுக்குப் பொருந்தும் அளவுகோல் ஆணி விலைக்கும் பொருந்துமா?

தைவான் உருக்கு ஆணிகள் வழக்கில் இதையே இன்னும் நுட்பமாகக் கேட்டார்கள். வகுக்கும் எண்ணுக்காக இரண்டு குழுக்களின் சிதறலையும் சேர்க்கும்போது, துறை எளிய சராசரியை எடுத்தது. நாலைந்து முறை வாங்கியவருக்கும், மீதமுள்ள நூற்றுக்கணக்கான விற்பனைகளுக்கும் கணக்கில் சம முக்கியத்துவம். சிறிய குழுவின் விலைகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் வகுக்கும் எண் சுருங்கும், விடை பெருகும், 0.8-ஐ எட்டுவது எளிதாகும். குழுவின் அளவுக்கேற்ப முக்கியத்துவம் தரும் எடையிட்ட சராசரியை ஏன் எடுக்கவில்லை என்று 2019-இல் கேட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வந்த பதிலில் திருப்தியடையாமல் 2022-இல் மீண்டும் திருப்பி அனுப்பியது. கொரியாவின் குழாய்கள் பற்றிய ஸ்டப் வழக்கில், தரவு போதிய எண்ணிக்கையிலும் இயல்பான பரவலிலும் இல்லாதபோது இந்தச் சோதனை செல்லுமா என்று 2021-இல் கேட்டது. அத்தகைய தரவின் மீது இதைப் பயன்படுத்துவது நியாயமற்றது என்று 2025 ஏப்ரலில் கனடாவின் காற்றாலைக் கோபுரங்கள் வழக்கில் தீர்ப்பளித்தது. தன்னிடம் இருப்பது மாதிரி அல்ல, முழு விற்பனைப் பட்டியல் என்பதால் அந்த நிபந்தனைகள் தேவையில்லை என்று துறை சொன்ன சமாதானம் எடுபடவில்லை. இப்படிப்பட்ட கேள்வியைப் புள்ளியியல் தெரிந்த அதிகாரிகள் தாங்களே முதலில் கேட்டிருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் போய்க் கேட்கும்வரை அது கேட்கப்படவில்லை.

இந்த முறையின் பெரிய குறை காலம். ஆணி விசாரணை முடிந்தது 2015-இல். ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகும் ஒரு சராசரியைப் பற்றிய வாதம் ஓயவில்லை. இடைப்பட்ட காலத்தில் இறக்குமதியாளர் ஒவ்வொரு சரக்குக்கும் வைப்புத்தொகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வென்றால் வட்டியோடு திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் கைவிட்டுப்போன வாடிக்கையாளர் வட்டியோடு திரும்புவதில்லை. சுங்கக் கணக்கை இறுதி செய்ய நீதிமன்றத்தில் தடை வாங்காவிட்டால், வழக்கே பயனற்றுப் போகும் அபாயமும் உண்டு.

நம் நாட்டிலும் 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டத்தின் கீழ் இந்த வரி இருக்கிறது. வணிகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் பரிந்துரைக்கிறது, நிதி அமைச்சகம் விதிக்கிறது, மேல்முறையீடு சுங்க, கலால், சேவை வரித் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. பாதிப்பை நீக்கப் போதுமான அளவுக்கு மேல் வரி கூடாது என்ற நம் விதி அமெரிக்காவில் இல்லை. இதில் நாம் ஒரு படி மேல். ஆனால் அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர், ரகசியம் காக்கும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, கணக்கின் ரகசிய எண்களையும் பார்க்க முடிகிறது. இங்கே அவருக்குக் கிடைப்பது எண்கள் நீக்கப்பட்ட சுருக்கம்தான். கணக்கையே பார்க்காதவர் அதன் தவறை எப்படிச் சுட்டிக்காட்டுவார்? அதே ரகசியக் காப்பு உத்தரவை இங்கும் கொண்டுவருவது பற்றித் தங்கள் நாளிதழ் எழுத வேண்டும். அத்துடன், இனி இத்தகைய வரிச் செய்திகளை வெளியிடும்போது அந்தச் சதவீதம் ஏற்றுமதியாளர் கொடுத்த தரவிலிருந்து வந்ததா, அல்லது புகார் மனுவிலிருந்து எடுத்ததா என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். துறையின் அறிவிப்பிலேயே அந்த விவரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செலவுக் கணக்கர் ஒருவர்