மோல்டு செய்த ஆண்டைப் பெட்டியில் போடுங்கள்: விமான மாடல் கிட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்த வருடத்துக்கான உங்கள் வெளியீட்டுப் பட்டியல்களைப் படித்துவிட்டு எழுதுகிறேன். இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு, எப்போதும் படிப்பது போல. இரண்டாவது முறை கையில் பென்சிலோடு. 'புதியது' என்று நீங்கள் போட்டிருக்கும் பெயர்களுக்கு எதிரே, பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கிற எஃகு அச்சான மோல்டே புதிதா, பெட்டி மட்டும் புதிதா என்று குறித்துக்கொண்டு போனேன். பல இடங்களில் கேள்விக்குறிதான் போட முடிந்தது. முப்பது வருடமாக மாடல் செய்கிறவன் நான். எனக்கே இந்த நிலைமை என்றால், வாழ்க்கையில் முதல் கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கிற பாகங்கள் அடங்கிய பெட்டி, வாங்குகிற ஒருவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

கேட்பது ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், மோல்டு செய்த ஆண்டைப் போடுங்கள். வருடாந்திரப் பட்டியலிலும் அதே ஆண்டைப் போடுங்கள்.

என்னை எழுத வைத்தது என் அக்கா மகனின் முதல் கிட். அவனுக்கு வயது பன்னிரண்டு. நான் வேலை செய்யும் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே ஆசை பிடித்தவன். ஒரு பட்டியலில், 1/72 அளவில் (நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு) ஓர் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் 'புதிய வெளியீடு' என்று வந்திருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது ஒருவர் மட்டும் செய்கிற காரியம் அல்ல. அதற்காக அவன் காசு சேர்த்தான். வெளியீடு இரண்டு முறை தள்ளிப்போனது. காத்திருந்த மாதங்களில் அந்த விமானத்தின் பழைய புகைப்படங்களைத் தேடித் தேடிப் பார்த்து, எந்த ஸ்குவாட்ரனின் நிறம், எந்த எண் என்பது வரை முடிவு செய்து வைத்திருந்தான்.

பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் பேனல் கோடுகள், இப்போதைய கிட்டுகள் போலப் பள்ளமாக இல்லை, பழைய மோல்டுகள் போல மேடாக இருந்தன. பாகங்களின் விளிம்பெல்லாம் சவ்வு மாதிரி ஃப்ளாஷ், அதாவது மோல்டின் இடுக்கில் கசிந்த பிளாஸ்டிக். இடது எஞ்சின் கூட்டின் மேல் ஒரு சின்னக் குழி. அந்தக் குழியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பள்ளியில் படித்த காலத்தில், வேறொரு நிறுவனத்தின் பெட்டியில் வந்த இதே விமானத்தில், இதே இடத்தில் புட்டி வைத்து அடைத்துத் தேய்த்திருக்கிறேன். பையனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் சேர்த்தால் மூக்குப் பக்கம் பொருந்தும், வால் பக்கம் விலகும். வாலை அழுத்திப் பிடித்தால் மூக்கு வாயைத் திறக்கும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஓர் அட்டையை நுழைத்து எடுக்கலாம், அத்தனை இடைவெளி. விமானியின் இருக்கையை மூடும் கேனப்பி புகைபிடித்த கண்ணாடி போல மங்கலாக இருந்தது, உடலைவிட ஒரு மில்லிமீட்டர் அகலமாகவும் இருந்தது. 1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல். அதைப் புட்டி வைத்து மறைக்க முடியாது. மேடான கோடுகளோ இணைப்பைத் தேய்க்கும்போதே கூடவே தேய்ந்து மறைந்தன. 400, 600, 1000 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்து, மறைந்த கோடுகளை ஸ்க்ரைபரால் திரும்பக் கீறுவதெல்லாம் பழகிய கைக்கே பொறுமையைச் சோதிக்கிற வேலை. அவன் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். மூன்றாவது ஞாயிறு, கையில் டேப் சுற்றிய உடற்பகுதியை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்: "மாமா, நான்தான் தப்பா ஒட்டிட்டேனா?"

அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். நீ தப்பாக ஒட்டவில்லை, இந்த மோல்டு உன் அம்மாவின் வயதை ஒத்தது என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "பெட்டியில புதுசுன்னு போட்டிருக்கே?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவனேதான் கண்டுபிடித்தான். இறக்கையின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தவன், "இங்க ஏதோ எழுதி அழிச்சிருக்கு" என்றான். விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். நகம் அளவுக்கு ஒரு செவ்வகம், வழவழவென்று, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கொஞ்சம் மேடாக. மோல்டின் எஃகிலிருந்து எழுத்துகளைக் குடைந்து எடுத்தால் பிளாஸ்டிக்கில் அந்த இடம் இப்படித்தான் மேடாக வரும். நான் சிறுவயதில் செய்த கிட்டில் அதே இடத்தில் பழைய நிறுவனத்தின் பெயரும் ஓர் ஆண்டும் இருந்தன. ஆக, அந்த ஆண்டு ஒரு காலத்தில் மோல்டிலேயே இருந்திருக்கிறது. யாரோ கருவி பிடித்து, நேரம் செலவழித்து அதை எடுத்திருக்கிறார்கள். நான் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை ஐயா. உள்ளே இருந்ததை எடுத்தீர்கள், வெளியே ஓரிடத்தில் திரும்பப் போடுங்கள்.

பழைய மோல்டு குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கிட்டுகளின் மீது எனக்குப் பிரியம் அதிகம். 1936-ல் ஃபிராக் நிறுவனம் 1/72 அளவில் பிளாஸ்டிக் கிட்டுகளைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தப் பொழுதுபோக்கின் கதையே மோல்டுகளின் கதைதான். அதே ஃபிராக்கின் மோல்டுகள் பல 1970-களில் சோவியத் ஒன்றியத்துக்குப் போய், நோவோ என்ற பெயரில் வெளிவந்து, பிறகும் எத்தனையோ பெட்டிகளுக்குள் மாறி மாறிப் பயணம் செய்தன. எஃகு மோல்டு மனிதரைவிட நீண்ட காலம் உழைக்கும். நல்ல கைகள் செய்த மோல்டு என்றால் வயது ஒரு பொருட்டே இல்லை. மோனோகிராம் 1975-ல் கொண்டுவந்த 1/48 பி-17 விமானத்தை இன்றைக்கும் ஆசையோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கோடுகள் மேடுதான், ஆனால் வடிவம் உயிரோடு இருக்கிறது. அந்த ஆண்டு தெரிந்து வாங்குகிறவருக்கு எந்த ஏமாற்றமும் இல்லை. புட்டி எவ்வளவு வேண்டும், எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். தெரியாமல் வாங்குகிறவருக்குத்தான் தன் கை மீதே சந்தேகம் வருகிறது.

செய்ய முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. ஏர்ஃபிக்ஸ் தன் பழைய மோல்டுகளை 'விண்டேஜ் கிளாசிக்ஸ்' என்று தனி வரிசையாகவே விற்கிறது. பழைய ஓவியத்தையே பெட்டியில் போட்டு, இது பழையது என்று பெருமையாகச் சொல்கிறது. அதற்கு ஆள் இல்லாமல் போய்விடவில்லை. செக் நாட்டின் எட்வார்ட் நிறுவனம் தன் லிமிடெட் எடிஷன் கிட்டுகளில் வேறு நிறுவனத்தின் பிளாஸ்டிக்கை வைக்கும்போது, அது யாருடைய பிளாஸ்டிக் என்பதை விளம்பரக் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறது. அவர்களால் முடிகிறது என்றால் மற்றவர்களால் ஏன் முடியாது?

ஒரு புது மோல்டு செய்ய எவ்வளவு செலவாகும், எத்தனை மாத உழைப்பு என்பதெல்லாம் எங்களுக்கும் ஓரளவு தெரியும். நிஜ விமானத்தை அளந்து, கணினியில் வரைந்து, எஃகில் குடைந்து, சோதனை வார்ப்பு எடுத்து, திருத்தி, மறுபடியும் எடுத்து... அந்தச் செலவைப் பழைய மோல்டுகள்தான் சுமக்கின்றன என்றால் சுமக்கட்டும். அதை நாங்கள் தெரிந்தே வாங்குகிறோம். எங்களிடம் மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

எழுத வந்த இடத்தில் இன்னொரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினிப் படங்கள். ஒவ்வொரு வருடமும் நூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியிலும், மே மாதம் ஜப்பானின் ஷிசுவோகா கண்காட்சியிலும் அழகழகான கணினி வரைபடங்களைக் காட்டுகிறீர்கள். பக்கத்தில் 'விரைவில்' என்று ஒரு சொல். அந்தச் சொல்லை நம்பி, கையில் இருக்கும் கிட்டைச் செய்யாமல் வைத்தவர்களும், கொடுத்துவிட்டவர்களும், விமானி அறைக்கான ரெசின் பாகங்களும், சின்னங்களும் எண்களும் அச்சிட்டு ஒட்டுகிற டீகால் தாள்களும் முன்கூட்டியே வாங்கி அடுக்கியவர்களும் உண்டு. டீகால் காத்திருக்காது, மஞ்சளாகிவிடும். நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் அறிவித்த 1/32 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்காக எத்தனை பேர் மேசையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்! 2020-ல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. அந்தப் பெயரில் அந்த விமானம் கடைக்கு வரவே இல்லை. நிறுவனங்கள் நொடித்துப் போவதை யாராலும் தடுக்க முடியாது, அது புரிகிறது. ஆனால் வருடக்கணக்கில் பட்டியலில் நிற்கும் ஒரு விமானம் வரப்போவதில்லை என்று உங்களுக்குத் தெரிந்த பிறகாவது அதை எடுத்துவிடலாமே.

விமானத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1/48 அளவில் பி-51டி மஸ்டாங்கை 2017-ல் ஏர்ஃபிக்ஸ் புது மோல்டாகக் கொண்டுவந்தது, 2019-ல் எட்வார்ட் கொண்டுவந்தது. இரண்டும் நல்ல கிட்டுகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மஸ்டாங், ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்று புகழ்பெற்ற போர்விமானங்களாகவே பார்த்து புது எஃகெல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்தால், பயிற்சி விமானங்களுக்கும் சரக்கு விமானங்களுக்கும் கடற்கண்காணிப்பு விமானங்களுக்கும் எங்களுக்கு மிஞ்சுவது அந்தப் பழைய மோல்டுதான். அதையும் 'புதியது' என்று சொல்லிக் கொடுத்தால் எப்படி? விமானிகள் எல்லோரும் பறக்கக் கற்றுக்கொண்டது பயிற்சி விமானத்தில்தானே. அதைச் செய்து பார்க்கும் ஆசையும் எங்களுக்கு உண்டு.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். எந்த விமானத்தைச் செய்வது என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிட முடியாது. மன்னியுங்கள். கேட்க வந்ததை மட்டும் கேட்கிறேன்.

பெட்டியின் ஓரத்தில் மோல்டு செய்த ஆண்டு. அது வேறு நிறுவனத்தின் மோல்டு என்றால் அந்தப் பெயர். இந்தப் பதிப்பில் எது புதிது: டீகால் மட்டுமா, ஒரு ஸ்ப்ரூவா (பாகங்கள் கோத்து வரும் சட்டம்), முழுக் கிட்டுமா. இரண்டு வரியில் அடங்கிவிடும். எச்சரிக்கை வாசகங்களும் வயது வரம்பும் பெயிண்ட் எண்களும் அச்சிடுகிற அதே ஓரத்தில் இதற்கும் இடம் இருக்கும். பட்டியலில் 'புதிய மோல்டு', 'மறுவெளியீடு' என்று இரண்டு சொற்களைப் பிரித்துப் போட்டால் போதும்.

அந்தக் குண்டுவீச்சு விமானத்தை இருவருமாகச் சேர்ந்து முடித்துவிட்டோம். கேனப்பியை மட்டும் நான் வெப்பப்படுத்திய பிளாஸ்டிக் தாளில் புதிதாக வார்த்துக் கொடுத்தேன். மீதியெல்லாம் அவன் கை. வால் பக்கத்து இணைப்பு இன்னும் லேசாகத் தெரியும். அதை யாரும் பார்க்காத பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறான். இப்போது இந்த வருடப் பட்டியலில் நான்கு விமானங்களை வட்டமிட்டுக்கொண்டு வந்து, "இதுல எது மாமா நெஜமாவே புதுசு?" என்று கேட்கிறான். ஒன்றுக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடிந்தது. மற்ற மூன்றுக்கும் நீங்கள் சொல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிட்டுகளை முப்பது வருடமாக வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர்