அம்பையில் நிற்கிற எம்.ஜி.ஏ.

மாப்ளே,

உன் கடிதம் கிடைச்சது. ரிட்டயர்மெண்ட் பணம் வந்துட்டுன்னு எழுதியிருந்தே, சந்தோஷம். அதை முழுசாக் கொண்டுபோய், நீ வாங்க ஆசைப்படுத அந்த அம்பாசமுத்திரத்து எம்.ஜி.ஏ.ல, அந்தப் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்ல, கொட்டிராத. அதுக்குத்தான் உடனே எழுதுதேன்.

போய்ப் பார்த்துட்டு வந்தேன். ரைஸ்மில் ஷெட்டுல உமித்தூசி மூடிக் கெடக்கு. பாடி நல்லாத்தான் இருக்கு. முன்சக்கரத்துல டிஸ்க் பிரேக், ஆர்.சி.யில 1960ன்னு போட்டிருக்கு. அப்போ அது 1600 மாடல்தான். விவகாரம் பானெட்டுக்குள்ள.

விக்கிறவரு கம்பெனி இன்ஜின்தான்னு சாதிக்காரு. ஆர்.சி.யில இன்ஜின் நம்பர் 16ஜிஏன்னு தொடங்குது, அது 1600 இன்ஜினோட குறிதான். பிளாக்குல நம்பர் தகடு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு ரிவெட் ஓட்டைதான் இருக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். வார்ப்புலயே 1600ன்னு எழுந்து நிக்கணும், இல்ல. இந்தக் காருக்கு இன்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுத ஆர்.பி.எம். மீட்டர், இன்ஜினுக்குள்ள இருக்க கேம்ஷாஃப்ட்டுல இருந்து ஒரு கேபிள் வழியா ஓடுது. அந்தக் கேபிளை இன்ஜின்ல மாட்டாம டேஷ்போர்டுக்குக் கீழ சுருட்டிக் கட்டி வச்சிருக்காங்க. ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டருக்குப் பதிலா ஒண்ணுதான் உக்காந்திருக்கு. கார்புரேட்டரை எவனும் மாத்தலாம், அதை நான் கணக்குல எடுக்கல.

நல்லவேளை, கேஸ்கட் போயி ஹெட்டைக் கழட்டி வச்சிருந்தாங்க. போரை, அதாவது சிலிண்டரோட உள் அகலத்தை, அளந்தேன், 74 மில்லிமீட்டர். இந்த வகை இன்ஜின்ல ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குத தூரம், எல்லாத்துக்கும் ஒண்ணுதான், 88.9. போரை வச்சுத்தான் ஆளைப் பிடிக்கணும். 1600 மாடலோட 1588 சி.சி. இன்ஜினுக்குப் போர் 75.4 இருக்கணும். ஓட ஓட சிலிண்டர் பெருக்குமே ஒழிய சிறுக்காது. போரைச் சிறுசாக்க உள்ள லைனர் குழாயும் அடிக்கல, தடவிப் பார்த்தேன். அம்பாசடரோட 1489 சி.சி.க்கு 73. ஒரு தடவை தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா 74 வந்துரும். ஆக, அம்பாசடர் இன்ஜினேதான்.

மாத்துனவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். இறக்குமதிக்கு லைசென்ஸ் கேட்ட காலத்துல அந்த இன்ஜினுக்கு எங்க போவாரு? பேட்டையில எந்தப் பட்டறையிலயும் அம்பாசடர் சாமான் கெடைக்கும். ரெண்டு இன்ஜினும் பி-சீரிஸ்ங்கிற ஒரே இங்கிலீஷ் இன்ஜின் வம்சத்து வயித்துப் பிள்ளைங்கதான். முதல்ல வந்த எம்.ஜி.ஏ.க்கே 1489தான, ரெண்டு கார்புரேட்டரோட. இந்த மாத்து இல்லேன்னா இந்நேரம் அது காயலான் கடைக்குப் போயிருக்கும்.

தலைவலி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லதான். ஆர்.சி.யில ஒரு நம்பர், வண்டியில நம்பரே இல்ல. பேர் மாத்தப் போனா அங்கேயே நிக்கும். நீ ஆசைப்படுத, பழைய வண்டிக்குன்னே குடுக்கிற விண்டேஜ் 'விஏ' நம்பரும் லேசுல கெடைக்காது. 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டுனா மட்டும் போதாது, சேஸி, பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. அதனால இன்ஜின் மாத்துனதை அவரு பேர்லயே ஆர்.சி.யில ஏத்திக் குடுக்கச் சொல்லு. அப்புறம் விலை பேசு. 'ஒரிஜினல்'ங்கிற பேச்சுக்கு ஒரு பைசா குடுக்காத. ஓட்டத்தான் வாங்குதேன்னா இந்த இன்ஜின் தங்கம். ஷோவுல நிறுத்தணும்னா வேற கார் பாரு.

எனக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கு. சின்னவளுக்குத் தென்காசியில வேலை கெடைச்சிருக்கு, தெனமும் பஸ்ல போயிட்டு வாரா. பாபநாசத்துல தண்ணி நல்லா போகுது. நீ கெளம்பி வந்தா காரையும் பார்த்துட்டு ஒரு முங்கு போட்டுட்டு வரலாம். மதினிய விசாரிச்சதாச் சொல்லு. அட்வான்ஸ் மட்டும் அதுக்குள்ள அனுப்பிராத.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்