அக்கா மகன் கேட்டான், நான் பொய் சொன்னேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமும் யோசித்துவிட்டேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருபது வருடமாகவே கிடையாது. என் மனைவிக்குத் தெரியும், பாயான் லெப்பாஸில் என்னோடு சிப்டில் வேலை செய்யும் ஒரு சீன நண்பருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பூசத்தன்று இரவு தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து வீடு திரும்பினோம். பின் சீட்டில் அம்மாவும் அக்காவும் களைத்துத் தூங்கிவிட்டார்கள். முன்னால் என் பக்கத்தில் அக்கா மகன், நான்காம் படிவம் படிக்கிறான். கார் பினாங்கு பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டான், "மாமா, நீங்க நிஜமாவே சாமி இருக்குன்னு நம்புறீங்களா?" ஒரு நொடி கூட யோசிக்காமல், "நம்பாமலா வருசா வருசம் இத்தனை படி ஏறுறேன்?" என்றேன். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த வாரம் என் மனைவியிடம் அவன் சொன்னது இது: "எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணுமே தோண மாட்டேங்குது அத்தை. மாமா எல்லாத்தையும் யோசிச்சுப் பேசுறவர், அவரே நம்புறாராம். அப்போ எனக்குத்தான் ஏதோ கோளாறு போல." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனை முதல் மொட்டைக்கும் காது குத்துக்கும் என் மடியில்தான் உட்கார வைத்தார்கள்.

நான் ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்றால், அம்மாதான் காரணம். ஆறு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனாம். பிள்ளை பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டார். மூன்று வருடம் என்று வேண்டியதை அவராகவே நீட்டிக்கொண்டு, எழுபத்திரண்டு வயதில் இன்னும் எடுக்கிறார். மேலே 513 படி. நான் பின்னாலேயே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையையும் அம்மா சொல்வார். அதே காய்ச்சல், ஏழாம் நாள் போய்விட்டது, அதன் தாயார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மாரியம்மா மாரியம்மா என்று அழுதார் என்று. சின்ன வயதில் அதை வெறும் கதையாகக் கேட்டேன். இருபது வயதில் அந்த இரண்டு தாய்மாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கோபத்தில் போகவில்லை, மெல்ல மெல்லக் கரைந்துதான் போனது. ஆனால் இதை நான் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் முப்பத்தைந்து வருடம் எனக்காகச் சுமந்தது வீண் என்று அவர் காதில் விழாதா? நான் அப்படி நினைக்கவே இல்லை. அந்தக் குடத்தில் இருப்பது அவர் என் மேல் வைத்த பாசம், அதை நான் எந்தக் காலத்திலும் மறுக்க மாட்டேன்.

இன்னொன்று, நம் தமிழில் இதற்கு இருக்கிற சொல். நாத்திகன். கேட்டாலே சண்டைக்கு வருகிறவன் மாதிரி இருக்கிறது. 1929 டிசம்பரில் பெரியார் கப்பலில் வந்து இறங்கியது இதே பினாங்கில்தான். அப்புறம் 1954-லும் மலாயாவுக்கு வந்தார். சாதியையும் தோட்டத்துக் குடிப்பழக்கத்தையும் மூடப்பழக்கத்தையும் எதிர்த்து இங்கே பலர் வேலை செய்ததற்கு அந்தப் பயணங்கள் ஒரு தூண்டுதல், அதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் எந்தக் கழகத்திலும் இல்லை, யாருடைய சாமியையும் பழித்ததும் இல்லை. நம்பிக்கை இல்லை என்று ஒருவன் சொன்னால் உடனே அவனுக்குக் கறுப்புச் சட்டை போட்டுப் பார்க்கிறோம். சும்மா நம்பிக்கை இல்லாமல், யாரோடும் விரோதமில்லாமல், பக்கத்து வீட்டில் ஒருவன் இருக்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

பயமும் இருந்தது, மறைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கடவுள் மறுப்பாளர்கள் சிலர் கூடி எடுத்த படம் ஃபேஸ்புக்கில் பரவியது ஞாபகம் இருக்கும். அதில் முஸ்லிம்கள் இருக்கிறார்களா என்று விசாரிப்போம் என்று அரசாங்கத் தரப்பில் சொன்னார்கள், இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஓர் அமைச்சரே பேசினார். செய்தியைப் பார்த்துவிட்டு என் மனைவி, "நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றாள். முஸ்லிம்களுக்கு இருக்கிற சட்டச் சிக்கல் நமக்கு இல்லை என்பது இருவருக்கும் தெரியும், இருந்தாலும் அப்படிச் சொன்னாள். 1970-ல் அறிவித்த ருக்குன் நெகாராவில், அதாவது நம் நாட்டின் ஐந்து தேசியக் கோட்பாடுகளில், முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். அக்கா மகன் பள்ளிச் சபைகூடலில் அதைச் சொல்லித்தான் வளர்ந்தான், நானும் அப்படித்தான். மற்ற நான்கையும் நான் மனதாரச் சொல்வேன். முதல் வரி வரும்போது உதடு மட்டும் அசையும், சத்தம் வராது.

ஆனால் உண்மையைச் சொன்னால், நம்மை அடக்கி வைப்பது சட்டம் இல்லை, வீடுதான். ஒரு பிள்ளை வாய் திறந்து சந்தேகம் கேட்டால் முதலில் வருகிற பதில் என்ன? "நாளைக்கு எனக்குக் கொள்ளி வைப்பியா மாட்டியா?" நான் வைத்தேன் ஐயா. ஆறு வருடம் முன்பு அப்பா தவறியபோது குடம் சுமந்தேன், மூன்று சுற்று வந்தேன், மொட்டை போட்டேன், பதினாறாம் நாள் வரை ஒன்றையும் விடவில்லை. அவர் அதை நம்பினார், அது அவருக்காகச் செய்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை வைக்கும்போது மாமனுக்கு நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை, மாமனாக இருந்தால் போதும். இதிலெல்லாம் நான் பொய்யாக நடந்ததாக எனக்குப் படவில்லை. கல்யாணத்தைச் சொல்லியும் இப்படித்தான் பயமுறுத்துகிறார்கள். முஸ்லிமல்லாதவர்களுக்கு 1982 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிற 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு இலாகாவில் பதிந்தாலே திருமணம் திருமணம்தான். கோயிலில் செய்வது அவரவர் விருப்பம்.

காரில் நடந்தது வேறு. அங்கே எந்தச் சடங்கும் இல்லை. ஒரு பிள்ளை நம்பி நேராகக் கேட்டான், நான் அவன் முகத்தைக் கூடப் பார்க்காமல் பொய் சொன்னேன். அதனால் நான் எடுத்த முடிவு: நானாகப் போய் யாரிடமும் அறிவிக்கப் போவதில்லை, நேராகக் கேட்கிறவரிடம் இனி மறைக்கப் போவதும் இல்லை. எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அப்பா பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெண் பிள்ளை, வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால், பேசாமல் இருக்கட்டும். தன் சம்பளம் வரட்டும், அப்புறம் பேசலாம். நாற்பதைத் தாண்டிய, சொந்த வீட்டில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

போன சனிக்கிழமை அவனைப் பசியாறக் கூட்டிக்கொண்டு போனேன். ரொட்டி சானாய் வரும் முன்னே சொல்லிவிட்டேன், அன்று நான் சொன்னது பொய், எனக்கும் நம்பிக்கை இல்லை, உனக்கு ஒரு கோளாறும் இல்லை என்று. ரொம்ப நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ ஆயாகூட ஏன் மாமா படி ஏறுறீங்க?" என்றான். "ஆயா விழுந்துடக் கூடாதுன்னு" என்றேன். "அடுத்த வருசம் இன்னொரு கையை நான் பிடிச்சுக்கிறேன்" என்றான். அவன் நாளைக்கே நம்பிக்கைக்குத் திரும்பினாலும் எனக்கு மகிழ்ச்சிதான். மனதில் இருப்பதைக் கேட்க அவனுக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் பெயரைப் போட வேண்டாம். பயந்து கேட்கவில்லை. அம்மா தினமும் காலையில் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு முதலில் படிப்பது உங்கள் வாசகர் கடிதம் பகுதியைத்தான். இதை அவர் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
பட்டர்வொர்த், பினாங்கு