மூய் ஆற்று ஓடைகளில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்தில் மூய் ஆற்றில் வந்து சேரும் சிற்றோடைகளில், எங்கெங்கே ட்ரவுட் மீன் தானாகவே பெருகி வாழ்கிறது என்று பார்த்துக் குறிக்கும் வேலை இந்தப் பருவத்துக்கு முடிந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து சென்ற எங்கள் குழு தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

முதல் நன்றி எங்கள் தூண்டில் தாத்தாவுக்கு. மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு, வலைக்குள் நீந்தவிட்டே பார்க்க வேண்டும். விலாவில் வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி இருந்தால் பழுப்பு ட்ரவுட். இளஞ்சிவப்புப் பட்டை ஓடி, வால் முழுக்கக் கறுப்புப் புள்ளி இறைந்திருந்தால் வானவில் ட்ரவுட். குஞ்சுகளில்தான் தடுமாற்றம்; இரண்டுக்குமே விலாவில் விரல் பதித்தாற்போல் கறைகள் இருக்கும். அப்போது தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாலுக்குச் சற்று முன்னால் முதுகில் இருக்கும் குட்டிக் கொழுப்புத் துடுப்பைப் பார்ப்பார். ஆரஞ்சு நிறமென்றால் பழுப்பு. கறுப்பு விளிம்பென்றால் வானவில். பையன்கள் இப்போது அவரை முந்திக்கொண்டு சொல்கிறார்கள்.

பண்ணைக்கார அம்மாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. கேட்டைத் திறந்துவிட்டதோடு நிற்காமல், மாடுகள் கரையில் இறங்காதபடி வேலியும் போட்டார்கள். குளிர்காலத்தில் ட்ரவுட் சரளைக்குள் குழி பறித்து முட்டையிடும். மிதிபட்ட கரை கரைந்து சேறு படிந்தால் முட்டைகள் மூச்சு முட்டிச் செத்துவிடும். கரையோரக் கறுப்பு வாட்டில் மரங்களை வெட்டச் சம்மதித்ததும் பெரிய உதவி. அந்த ஆஸ்திரேலிய மரம் குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல.

மாடு மேய்க்கும் ஜூலு தம்பிகளுக்கு, சியாபோங்கா (நன்றி)! அருவிக்கு மேலே கல்லைப் புரட்டி, விரல் நீள மலைக் கெளுத்தியைக் காட்டியவர்கள் அவர்கள்தான். அங்கே ட்ரவுட் ஏறவில்லை.

ட்ரவுட் பிரியர்கள் சிலருக்குக் கசக்கும் என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: அருவிக்கு மேலே ஒரு குஞ்சைக்கூட வாளியில் கொண்டுபோய் விடாதீர்கள். ட்ரவுட் இந்த மண்ணின் மீனல்ல. பழுப்பு ட்ரவுட் 1890இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்தது. 1860இல் ‘ட்ரூரோ’ கப்பலில் மதராசிலிருந்து வந்திறங்கிய நம்மவர்களுக்கு முப்பது ஆண்டு இளையது. அதனாலோ என்னவோ, எனக்கு அதன்மேல் ஒரு பாசம். ஆனால் 1938இல் டிராகன்ஸ்பெர்க்கின் ம்கோமசானா ஆற்று மீனாக அறிவியல் பெயர் பெற்ற மலோட்டிக் கெண்டை இன்று அந்த ஆற்றில் இல்லை. லெசோத்தோ மலைகளில்தான் பிழைத்திருக்கிறது. அது மறைந்ததில் ட்ரவுட்டுக்கும் பங்குண்டு. கீழே இருப்பதைக் காப்போம், மேலே இருப்பதைத் தொடாமல் விடுவோம் என்பதே என் கட்சி.

விடியுமுன் எழுந்து புளிச்சோறும் பீன்ஸ் கறியும் கட்டிக்கொடுத்த அக்காமார்களுக்குத் தனி நன்றி. மழையிலும் அது ஆறவே இல்லை.

மிஞ்சிய பணத்தில் இரண்டு நீர் வெப்பமானிகள் வாங்கப் போகிறோம். கோடையில் ஓடை எவ்வளவு சூடேறுகிறது என்று தெரிந்தாக வேண்டும். வலைகளை இன்னும் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து நன்றாகக் காயவைத்துத் தாத்தா வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓடைக் குழுவின் சார்பில்